அப்பா, அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைச்சிட்டுப் போற பெட்ரோல் செலவுக்கு வரிக்கழிவு உண்டா? முழு விவரம் இதோ

வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ். காலையில் 6 மணிக்கு அப்பாவை காரில் உட்கார வைத்து 20 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். நாலு மணி நேரம் வெளியே காத்திருந்து, சோர்ந்து போய் வரும் அவரை மறுபடியும் வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் இதுதான் வாராந்திர வழக்கம்.

இதில் மருந்துச் செலவு, ஆஸ்பத்திரிச் செலவு எல்லோருக்கும் தெரியும். பெட்ரோல் செலவை யாரும் தனியாக எழுதி வைப்பதில்லை. ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. போக வர 40 கிலோமீட்டர், வாரத்துக்கு 3 முறை, வருஷத்துக்கு 52 வாரம். மொத்தம் 6,240 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் கார் என்றால் 416 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே ரூ.41,600.

வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் நேரத்தில் இந்தக் கேள்வி வருவது இயல்புதான். பெற்றோரைக் கவனிக்க ஓட்டும் வண்டிச் செலவை வரியில் கழிக்க முடியுமா? முடியாது என்றால் வேறு என்ன சலுகை இருக்கு? யாருக்கு அது பயன்படும்?

சுருக்கமாக...

• பெட்ரோல், டாக்ஸி, ஆட்டோ, டிரைவர் சம்பளம் என எதற்கும் இந்திய வருமான வரியில் தனிக் கழிவு கிடையாது.

• ஆனால் குடும்பத்தினரைக் கவனிப்பவர்களுக்கு 80டி, 80டிடி, 80டிடிபி என்று மூன்று பிரிவுகள் இருக்கின்றன.

• இந்த மூன்றும் பழைய வரிமுறையில் மட்டும்தான். புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கு இல்லை.

• பழைய முறைக்கு மாறினால் லாபமா என்பதைக் கணக்கு போட்டுப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். பலருக்கு லாபம் இல்லை.

பெட்ரோல் செலவு ஏன் கணக்கில் வராது?

வருமான வரிச் சட்டம் மருத்துவக் காப்பீட்டு பிரீமியம், சிகிச்சை, நர்சிங், மறுவாழ்வு என்று சில செலவுகளைக் குறிப்பிட்டுக் கழிவு தருகிறது. நோயாளியை அழைத்துப் போகும் பயணம் அந்தப் பட்டியலில் இல்லை. சட்டத்தின் பார்வையில் சொந்தக் காரில் பெற்றோரைக் கூட்டிப் போவது, குடும்பத்தின் சொந்தச் செலவு.

'நான் பிசினஸ் பண்றேன், காருக்குப் போடும் பெட்ரோலை செலவுக் கணக்கில்தானே எழுதறேன்' என்று சிலர் கேட்கலாம். தொழிலுக்காக மட்டும் ஆன செலவைத்தான் தொழில் கணக்கில் எழுத முடியும். அதே கார் வீட்டு வேலைக்கும் ஓடுகிறது என்றால், அந்தப் பங்கைப் பிரித்து எடுத்துவிட வேண்டும். அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போன பில்லைக் கடைக் கணக்கில் சேர்ப்பது தவறு.

சட்டத்தில் பயணம் என்ற சொல் வரும் இடமும் ஒன்று இருக்கு. ஊழியரோ அவர் குடும்பத்தினரோ வெளிநாட்டில் சிகிச்சை பெறும்போது, நோயாளி மற்றும் உடன் போகும் ஒருவரின் பயணச் செலவைக் கம்பெனி ஏற்றுக்கொண்டால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு அது ஊழியரின் வருமானத்தில் சேராது. இதற்கான வருமான வரம்பு பல வருஷமாக ரூ.2 லட்சமாகவே இருந்தது. 2025 ஆகஸ்டில் அதை ரூ.8 லட்சமாக உயர்த்தினார்கள். வெளிநாட்டுக்கு விமானத்தில் போனால் கணக்கில் வரும் பயணம், உள்ளூரில் வாரம் மூணு முறை காரில் போனால் வராது.

சரி, அப்போ என்னதான் இருக்கு?

1. பிரிவு 80டி: காப்பீடும் மருத்துவச் செலவும்

மூன்றில் அதிகம் பேர் பயன்படுத்துவது இதுதான். பெற்றோருக்காக நீங்கள் கட்டும் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு ரூ.25,000 வரை கழிவு. அப்பா, அம்மாவில் ஒருவர் 60 வயதைத் தாண்டியிருந்தால் ரூ.50,000 வரை. உங்களுக்கும் மனைவி அல்லது கணவருக்கும் பிள்ளைகளுக்கும் எடுத்த பாலிசிக்கு இது இல்லாமல் தனியாக ரூ.25,000 வரை உண்டு.

வயதான பெற்றோருக்கு பாலிசியே கிடைக்கவில்லையா? ஏற்கெனவே சர்க்கரை, இதய நோய் இருக்கு என்று கம்பெனிகள் மறுத்துவிட்டதா? பலருக்குத் தெரியாத விஷயம் இங்கேதான் இருக்கு. 60 வயதுக்கு மேற்பட்ட, காப்பீடு இல்லாத பெற்றோருக்கு நீங்கள் செய்யும் மருத்துவச் செலவையே ரூ.50,000 வரை கழிக்கலாம். டாக்டர் ஃபீஸ், மருந்து, டெஸ்ட் ஆகியவற்றின் பில்களை இதில் காட்டலாம். பெட்ரோல் பில்லைச் சேர்க்கக் கூடாது.

நினைவில் வைக்க வேண்டியவை:

• பணமாகக் கொடுத்தால் கழிவு இல்லை. யுபிஐ, கார்டு, வங்கிப் பரிமாற்றம், காசோலை எதுவானாலும் சரி. முழு உடல் பரிசோதனைக்கு மட்டும் ரூ.5,000 வரை ரொக்கமாகக் கொடுத்திருந்தாலும் ஏற்பார்கள். அதுவும் மொத்த வரம்புக்குள்தான்.

• பெற்றோர் உங்களைச் சார்ந்து இருக்க வேண்டும் என்ற நிபந்தனை 80டி-யில் கிடையாது. அப்பாவுக்கு பென்ஷன் வந்தாலும், நீங்கள் பிரீமியம் கட்டினால் கழிவு உங்களுக்குத்தான்.

• கல்யாணமான மகளும் தன் பெற்றோருக்காகக் கட்டிய தொகையைக் காட்டலாம். மகன்தான் கட்ட வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

2. பிரிவு 80டிடி: பில் கேட்காத கழிவு

கவனிப்பவர்களுக்கு உண்மையிலேயே கைகொடுக்கும் பிரிவு இது. ஆனால் மாற்றுத்திறனாளிகளின் குடும்பங்களில்கூட பலர் இதைக் கோருவதில்லை.

உங்களைச் சார்ந்திருக்கும் குடும்ப உறுப்பினருக்கு 40 சதவீதமோ அதற்கு மேலோ மாற்றுத்திறன் பாதிப்பு இருப்பதாகச் சான்றிதழ் இருந்தால் ரூ.75,000 கழிவு. பாதிப்பு 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் ரூ.1,25,000. பார்வை, செவித்திறன், கை கால் இயக்கம் ஆகியவற்றில் குறைபாடு, அறிவுசார் குறைபாடு, மனநோய், ஆட்டிசம், செரிப்ரல் பால்சி போன்றவை இதில் வரும்.

அவருக்கான சிகிச்சை, நர்சிங், பயிற்சி, மறுவாழ்வு ஆகியவற்றுக்கு நீங்கள் செலவு செய்திருக்க வேண்டும். ஆனால் எவ்வளவு செலவு செய்தீர்கள் என்பது கணக்கே இல்லை. ரூ.20,000 செலவானாலும் சரி, ரூ.3 லட்சம் ஆனாலும் சரி, கழிவு அதே ரூ.75,000 அல்லது ரூ.1,25,000தான்.

பெட்ரோல் கேள்விக்கு மறைமுகமான பதில் இங்கேதான் கிடைக்குது. பில்லை வைத்து எண்ணாத கழிவு என்பதால், பிசியோதெரபிக்கு ஓடிய கார், காத்திருந்த ஆட்டோ, பார்க்கிங் கட்டணம் என எந்த பில்லிலும் வராத செலவை ஈடுகட்ட இந்தத் தொகை உதவும். உதாரணமாக, பக்கவாதத்துக்குப் பிறகு கை, கால் முடங்கிப்போன அம்மாவுக்கு 80 சதவீதச் சான்றிதழ் இருந்தால், 20 சதவீத வரி அடுக்கில் இருக்கும் மகனுக்கு செஸ்ஸும் சேர்த்து ரூ.26,000 மிச்சமாகும். 30 சதவீத அடுக்கில் இருந்தால் ரூ.39,000.

சிக்கல் எங்கே வருகிறது? சான்றிதழில்தான். 'வயசான காலத்துல இதெல்லாம் எதுக்கு' என்று பக்கவாதம் வந்த பெற்றோருக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்காமலே விட்டுவிடுகிறார்கள். சான்றிதழ் இல்லாவிட்டால் இந்தக் கழிவு இல்லை. யூடிஐடி அட்டை எண், சான்றிதழ் விவரம் ஆகியவற்றை வரிப் படிவத்திலேயே கேட்கிறார்கள். ஆட்டிசம், செரிப்ரல் பால்சி, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு 10-ஐஏ என்ற படிவமும் தேவை.

இன்னொன்று. பாதிக்கப்பட்டவரே தன் பெயரில் 80யூ பிரிவில் கழிவு கோரியிருந்தால், அவருக்காக நீங்கள் 80டிடி கோர முடியாது.

3. பிரிவு 80டிடிபி: கேன்சர், சிறுநீரகச் செயலிழப்பு...

குறிப்பிட்ட சில கடுமையான நோய்களின் சிகிச்சைச் செலவுக்கு இந்தக் கழிவு. புற்றுநோய், நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு, முற்றிய எய்ட்ஸ், ஹீமோஃபிலியா, தலசீமியா ஆகியவை பட்டியலில் உண்டு. டிமென்ஷியா, பார்கின்சன், மோட்டார் நியூரான் நோய் போன்ற நரம்பு நோய்களும் உண்டு. ஆனால் நரம்பு நோய்களுக்கு மட்டும் 40 சதவீத பாதிப்பு என்ற சான்று தேவை.

சிகிச்சை பெறுபவர் 60 வயதுக்குக் கீழ் என்றால் ரூ.40,000 வரை, 60-ஐத் தாண்டியவர் என்றால் ரூ.1 லட்சம் வரை கழிக்கலாம். இது 80டிடி போல நிலையான தொகை இல்லை. உண்மையில் செலவான தொகைதான். காப்பீட்டிலோ கம்பெனியிலோ திரும்பக் கிடைத்த பணத்தை அதிலிருந்து கழித்துவிட வேண்டும்.

நோய்க்கான சிறப்பு மருத்துவரின் பரிந்துரைச் சீட்டு கட்டாயம். டயாலிசிஸ் நோயாளி என்றால் நெஃப்ராலஜி அல்லது யூராலஜி நிபுணர் எழுதியதாக இருக்க வேண்டும். பக்கத்துத் தெரு கிளினிக்கில் வாங்கிய சீட்டு போதாது.

ஆரம்பத்தில் சொன்ன டயாலிசிஸ் அப்பாவின் விஷயத்துக்கு வருவோம். அவருடைய டயாலிசிஸ் கட்டணம், ஊசி, மருந்து எல்லாம் 80டிடிபி-யில் வரும். அதற்காக ஓடிய 6,240 கிலோமீட்டர் வராது.

மாமியாரை மருமகள் கவனித்தால்?

80டிடி, 80டிடிபி பிரிவுகளில் கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தவர்கள் ஆகியோர் மட்டுமே 'சார்ந்திருப்பவர்' பட்டியலில் வருவார்கள். 80டி-யில் உடன்பிறந்தவர்களும் இல்லை. மாமனார், மாமியார், தாத்தா, பாட்டி யாரும் எதிலும் இல்லை.

நம்ம ஊரில் மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது பல வீடுகளில் மருமகள்தான். அவர் சம்பாதிப்பவராக இருந்து, தன் கணக்கிலிருந்து பணம் கட்டினால் கழிவு கிடைக்காது. அதே பணத்தை கணவர் தன் கணக்கிலிருந்து தன் அம்மாவுக்காகக் கட்டினால் கிடைக்கும். எனவே யார் கணக்கிலிருந்து பணம் போகிறது என்பதை வருஷ ஆரம்பத்திலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

80டிடி, 80டிடிபி இரண்டிலும் பாதிக்கப்பட்டவர் முழுமையாகவோ பெரும்பாலாகவோ உங்களைச் சார்ந்து இருக்க வேண்டும். நல்ல பென்ஷன் வாங்கும் அப்பாவை இதில் காட்டுவது சிக்கல். இந்த இரண்டு கழிவும் இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டுமே. துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்துக்கொண்டு என்ஆர்ஐ-யாக இங்கே கணக்கு தாக்கல் செய்யும் பிள்ளைகளுக்கு இல்லை.

பெரிய கேள்வி: பழைய முறையா, புதிய முறையா?

2023-24 நிதியாண்டு முதல் புதிய வரிமுறைதான் இயல்பான தேர்வு. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் புதிய முறையில்தான் கணக்கிடுவார்கள். அதில் 80டி, 80டிடி, 80டிடிபி மூன்றும் இல்லை.

2025-26 நிதியாண்டுக்கு எப்படி என்று பார்க்கலாம்.

சம்பளம் ரூ.12.75 லட்சம் வரை: புதிய முறையில் ரூ.75,000 நிலையான கழிவு போக, மீதி ரூ.12 லட்சத்துக்குள் வருவதால் வரியே இல்லை. வரி பூஜ்ஜியம் என்னும்போது கழிவுக்கு வேலையே இல்லை. இவர்கள் பழைய முறையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

சம்பளம் ரூ.15 லட்சம்: இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். புதிய முறையில் நிலையான கழிவு போக ரூ.14.25 லட்சத்துக்கு வரி. அடுக்கு வாரியாகக் கணக்கிட்டால் ரூ.93,750. செஸ் 4 சதவீதம் சேர்த்து ரூ.97,500.

இப்போது அதே நபர் பழைய முறைக்குப் போகிறார் என்று வைப்போம். அப்பாவுக்கு டயாலிசிஸ், அம்மாவுக்கு பக்கவாதம். அவருக்குக் கிடைக்கும் கழிவுகள்:

• நிலையான கழிவு: ரூ.50,000
• 80சி (பிஎஃப், எல்ஐசி முதலியவை): ரூ.1,50,000
• 80டி (தன் குடும்பம்): ரூ.25,000
• 80டி (பெற்றோர்): ரூ.50,000
• 80டிடி (அம்மா, 80 சதவீத பாதிப்பு): ரூ.1,25,000
• 80டிடிபி (அப்பாவின் டயாலிசிஸ்): ரூ.1,00,000

மொத்தம் ரூ.5 லட்சம். மீதி ரூ.10 லட்சத்துக்கு வரி ரூ.1,12,500. செஸ் சேர்த்து ரூ.1,17,000.

அதாவது இரண்டு பெற்றோரும் நோயாளிகளாக இருந்து, எல்லாக் கழிவையும் உச்சவரம்பு வரை எடுத்தாலும், பழைய முறையில் ரூ.19,500 அதிகமாகத்தான் கட்ட வேண்டியிருக்கு.

எப்போது பழைய முறை லாபம்? ரூ.15 லட்சம் சம்பளத்துக்கு, நிலையான கழிவைத் தவிர்த்து மற்ற கழிவுகள் ரூ.5,43,750-ஐத் தாண்ட வேண்டும். மேலே சொன்ன பட்டியலில் அப்படி இருப்பது ரூ.4.5 லட்சம். இதோடு வீட்டுக்கடன் வட்டி ரூ.2 லட்சம் சேர்ந்தால் வரி ரூ.75,400 ஆகக் குறையும். அப்போது புதிய முறையைவிட ரூ.22,100 மிச்சம். வாடகை வீட்டில் இருந்து ஹெச்ஆர்ஏ வாங்குபவர்களுக்கும் இப்படி அமையலாம்.

சுருக்கமாகச் சொன்னால், பெற்றோரைக் கவனிப்பதற்கான கழிவுகளை மட்டும் நம்பிப் பழைய முறைக்கு மாறினால் கையைச் சுட்டுக்கொள்ள வாய்ப்பு உண்டு. வீட்டுக்கடனோ ஹெச்ஆர்ஏவோ துணைக்கு வேண்டும். வருமான வரித்துறை இணையதளத்திலேயே இரண்டு முறையையும் ஒப்பிடும் கால்குலேட்டர் இருக்கு. உங்கள் எண்களைப் போட்டுப் பார்க்க பத்து நிமிஷம் போதும்.

கெடு தேதி ஏன் முக்கியம்?

தொழில் வருமானம் இல்லாத சம்பளதாரர்கள், வருஷா வருஷம் கணக்கு தாக்கல் செய்யும்போதே பழைய முறையைத் தேர்வு செய்யலாம். ஆபீஸில் புதிய முறையில் டிடிஎஸ் பிடித்திருந்தாலும் பரவாயில்லை. ஆனால் கெடு தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஒரு நாள் தாமதமானாலும் புதிய முறைதான். 80டிடி, 80டிடிபி எல்லாம் அந்த வருஷத்துக்குக் கையை விட்டுப் போய்விடும்.

தொழில் வருமானம் உள்ளவர்கள் கெடு தேதிக்குள் 10-ஐஇஏ என்ற படிவத்தையும் தாக்கல் செய்ய வேண்டும். இவர்கள் வருஷா வருஷம் மாறி மாறித் தேர்வு செய்ய முடியாது என்பதால் ஆடிட்டரிடம் கேட்டு முடிவெடுப்பது நல்லது.

இன்னொரு குழப்பமும் வரலாம். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் அமலுக்கு வருவதால் பிரிவுகளின் எண்கள் மாறுகின்றன. ஆனால் 2025-26 நிதியாண்டு வருமானத்துக்குப் பழைய 1961-ம் ஆண்டு சட்டமும் இங்கே சொன்ன எண்களும்தான் பொருந்தும்.

போலி பில் வைத்தால் என்ன ஆகும்?

'எப்படியும் பில் கேட்க மாட்டாங்க, சும்மா 80டிடிபி போட்டுடலாம்' என்று ஆலோசனை சொல்லும் ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள். 2025 ஜூலை 14 அன்று போலிக் கழிவுகள் தொடர்பாக நாடு முழுக்க 150 இடங்களில் வருமான வரித்துறை சோதனை நடத்தியது. தமிழ்நாடும் அதில் உண்டு. தவறாகப் பயன்படுத்தப்பட்டதாக வரித்துறை சொன்ன பிரிவுகளில் 80டி, 80டிடிபி இரண்டும் இருந்தன.

இப்போது வரிப் படிவத்தில் காப்பீட்டு கம்பெனியின் பெயர், பாலிசி எண், நோயின் பெயர் வரை கேட்கிறார்கள். பொய்க் கழிவு பிடிபட்டால், ஏய்த்த வரியோடு அதன் 200 சதவீதம் வரை அபராதமும் வரலாம். பணம் ஏஜென்ட்டுக்குப் போனாலும் நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் வரும்.

மற்ற நாடுகளில் எப்படி?

அமெரிக்காவில் மருத்துவப் பயணத்துக்கென்றே மைலேஜ் கழிவு உண்டு. 2025-ல் மைலுக்கு 21 சென்ட். பார்க்கிங், டோல் கட்டணம் தனி. தன்னைச் சார்ந்திருக்கும் பெற்றோரை சிகிச்சைக்கு அழைத்துப் போகும் பிள்ளையும் இதைக் கோரலாம். ஆஸ்பத்திரியில் இருக்கும் அம்மாவைச் சும்மா பார்த்துவிட்டு வந்தால் பொதுவாகக் கிடையாது.

கேட்க நன்றாக இருக்கும். நடைமுறை வேறு. மொத்த மருத்துவச் செலவில், வருமானத்தின் 7.5 சதவீதத்தைத் தாண்டும் பகுதிதான் கழிவாகும். நம்ம டயாலிசிஸ் அப்பாவின் 6,240 கிலோமீட்டரை அங்கே கணக்கிட்டால் சுமார் 814 டாலர். வருமானம் 80,000 டாலர் என்றால் முதல் 6,000 டாலர் மருத்துவச் செலவுக்கு எதுவும் இல்லை. தவிர, நிலையான கழிவை எடுப்பவர்கள் இதைக் கோரவே முடியாது. 2025-ல் தனிநபருக்கு அந்த நிலையான கழிவு 15,750 டாலர் என்பதால், பெரும்பாலானவர்கள் அதையே எடுத்துக்கொள்கிறார்கள். டெக்சாஸில் வேலை பார்க்கும் மகன், திருச்சியில் இருக்கும் பெற்றோருக்காக இதைக் கோரவும் முடியாது. அமெரிக்கக் குடிமகனாக இல்லாத பெற்றோர் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகியவற்றில் வசித்தால்தான் சார்ந்திருப்பவராக ஏற்பார்கள்.

ஈழத்தமிழர்கள் அதிகம் வாழும் கனடாவில் தூரம்தான் அளவுகோல். பக்கத்தில் அந்த சிகிச்சை கிடைக்காமல், ஒரு வழிக்கு 40 கிலோமீட்டராவது போக வேண்டியிருந்தால் பயணச் செலவை மருத்துவச் செலவில் சேர்க்கலாம். 80 கிலோமீட்டரைத் தொட்டால் சாப்பாடு, தங்குமிடச் செலவும் சேரும். நோயாளி தனியாகப் பயணம் செய்ய முடியாது என்று மருத்துவர் சான்று கொடுத்தால், உடன் போகிறவர் செலவும் வரும். 20 கிலோமீட்டர் ஓட்டும் நம்ம உதாரணத்துக்கு அங்கேயும் எதுவும் கிடைக்காது.

வரியில் இல்லை, பயணச் செலவில் குறைக்க வழி இருக்கா?

இருக்கு. வருமான வரியே கட்டாதவர்களுக்கும் இவை பயன்படும்.

• ரயில்: புற்றுநோயாளிகளுக்கும், டயாலிசிஸ் அல்லது மாற்று அறுவை சிகிச்சைக்காகப் போகும் சிறுநீரக நோயாளிகளுக்கும் கட்டணச் சலுகை உண்டு. உடன் போகும் ஒருவருக்கும் உண்டு. 2020-ல் நிறுத்தப்பட்டது மூத்த குடிமக்கள் சலுகை. நோயாளிகளுக்கான சலுகை தொடர்கிறது. ஆஸ்பத்திரியில் உரிய படிவத்தில் சான்று வாங்க வேண்டும்.

• பஸ்: தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசம் என்பது தெரியும். மாற்றுத்திறனாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும்கூட இலவசம். சென்னையில் 60 வயது கடந்தவர்களுக்கு மாதம் 10 டோக்கன் தருகிறார்கள்.

• டோல்கேட்: மாற்றுத்திறனாளிக்கென்றே வடிவமைக்கப்பட்ட வாகனத்துக்கு தேசிய நெடுஞ்சாலைகளில் கட்டண விலக்கு உண்டு.

• வீட்டுக்கே மருத்துவம்: 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிபி, சுகர் மாத்திரை, பிசியோதெரபி, வலி நிவாரண சிகிச்சை ஆகியவற்றை வீட்டிலேயே பெறலாம். வயிறு வழியாக வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கான பைகளும் இதில் உண்டு. ஒரு டிரிப் குறைந்தாலும் லாபம்தானே.

• பக்கத்து மையம்: 2016-ல் அறிவிக்கப்பட்ட தேசிய டயாலிசிஸ் திட்டத்தில் மாவட்ட மருத்துவமனைகளிலேயே டயாலிசிஸ் வசதி செய்யப்பட்டது. பல வருஷமாக ஒரே தனியார் மையத்துக்கு 20 கிலோமீட்டர் ஓட்டுபவர்கள், வீட்டுக்குப் பக்கத்தில் அரசு மருத்துவமனையில் இடம் இருக்கா என்று ஒருமுறை விசாரிக்கலாம்.

• வேலைக்குப் போகும் மாற்றுத்திறனாளி ஊழியர்: பார்வையற்றவர், காது கேளாத வாய் பேசாதவர், கால் பாதிப்பு உள்ளவர் ஆகியோருக்கு அலுவலகம் தரும் போக்குவரத்துப் படியில் 2025-26 நிதியாண்டுக்கு மாதம் ரூ.3,200 வரை வரி இல்லை. புதிய வரிமுறையிலும் இது உண்டு. ஆனால் இது அந்த ஊழியருக்கு மட்டும். அவரை அழைத்துப் போகும் குடும்பத்தினருக்கு இல்லை.

அடிக்கடி வரும் சந்தேகங்கள்

அப்பாவைக் கூட்டிப் போகத்தான் கார் வாங்கினேன். கார் லோன் வட்டியைக் கழிக்கலாமா?
முடியாது. சொந்த உபயோகத்துக்கு வாங்கிய பெட்ரோல், டீசல் காருக்கு வட்டிக் கழிவு இல்லை.

அண்ணன், தம்பி இரண்டு பேரும் அம்மாவின் பிரீமியத்தைப் பாதிப் பாதி கட்டுகிறோம். இரண்டு பேருக்கும் கிடைக்குமா?
80டி-யில் அவரவர் கட்டிய தொகையை அவரவர் காட்டலாம். ஒரே தொகையை இரண்டு பேரும் காட்டக் கூடாது. எனவே அவரவர் கணக்கிலிருந்து கட்டியதற்கான ஆதாரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆம்புலன்ஸ் செலவு?
முதலில் பாலிசியைப் பாருங்கள். பல மருத்துவக் காப்பீடுகளில் ஆம்புலன்ஸ் கட்டணத்துக்குத் தனி வரம்பு இருக்கும். அவசரத்துக்கு 108 ஆம்புலன்ஸ் இலவசம்.

இப்போதே செய்து வைக்க வேண்டியவை

1. பெற்றோருக்கு மாற்றுத்திறன் பாதிப்பு இருந்தால் சான்றிதழுக்கும் யூடிஐடி அட்டைக்கும் விண்ணப்பிக்கவும். பஸ், ரயில் சலுகைகளுக்கும் இதுதான் அடிப்படை.

2. மருந்துக்கடை, லேப், டாக்டர் ஃபீஸ் என எல்லாவற்றையும் யுபிஐ அல்லது கார்டில் கட்டவும். நோயாளியின் பெயரில் பில் வாங்கவும்.

3. பட்டியலில் உள்ள நோய் என்றால், சிறப்பு மருத்துவரிடம் அந்த நிதியாண்டுக்குள்ளேயே பரிந்துரைச் சீட்டு வாங்கி வைக்கவும்.

4. இரண்டு வரிமுறையிலும் கணக்கு போட்டுப் பார்க்கவும். கெடு தேதியைத் தவற விடாதீர்கள்.

5. பயணச் செலவையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வரிக்குப் பயன்படாது. ஆனால் மாதம் எவ்வளவு போகிறது என்று தெரிந்தால், அந்தச் சுமையைக் கூடப்பிறந்தவர்களோடு பகிர்ந்துகொள்ளப் பேசவாவது ஒரு கணக்கு கையில் இருக்கும்.